மூன்றாவது அடி

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் தறிச்சத்தம் நிற்கும். பிறகுதான் ஒப்பாரி எழும்.

சிறுவயதில் பக்கத்து வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி, இறந்துபோன நாத்தனாரைப் பாடத் தொடங்கினாள். முதலடியில் தங்கம் வந்த இடத்தில் அடுத்த அடியில் வெள்ளி வந்தது, மற்றதெல்லாம் அப்படியே. மெட்டும் அதே மெட்டுதான், உச்சிக்கு ஏறிப் படிப்படியாக இறங்கி விசும்பலில் முடிந்தது. மூன்றாவது அடியில் நாத்தனாரைக் காணோம். சீர் கொண்டுவராத அண்ணன் வந்தான், கைநீட்டி அடித்த புருஷன் வந்தான். அந்தப் புருஷன், எங்கள் தாத்தா முறைக்காரர், வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். பாட்டியை யாரும் தடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து முதன்முதலாகப் புளூஸ் கேட்டபோது எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. மிசிசிப்பிப் பருத்திக்காடுகளில் கறுப்பின மக்களின் கடன் ஒழியவில்லை. நிலம் முதலாளியுடையது, விளைச்சலில் பங்கு என்றாலும் கணக்கு நோட்டு அவன் கையில். அது எப்படியிருக்கும் என்று முன்பணம் வாங்கி நெய்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலில் தனியாள் எழுப்பிய கூவல், கூட்டாகப் பாடும் வேலைப் பாட்டு, தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்து பிறந்ததுதான் புளூஸ். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் காத்திருந்த இசைக்கலைஞர் டபிள்யூ. சி. ஹாண்டி, கிழிந்த உடையோடு ஒருவர் கித்தார் தந்தியில் கத்தியை அழுத்தி இழுத்தபடி ஒரே அடியை மூன்று முறை பாடக் கேட்டார். இவ்வளவு விநோதமான இசையைக் கேட்டதில்லை என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். பிறகு நிலைத்த வடிவத்தில் முதலடி இரண்டு முறை வரும். மூன்றாவது அடியில் பதில் வரும். 1920-இல் பாடகி மேமி ஸ்மித்தின் புளூஸ் இசைத்தட்டு வெளிவரும் முன்பே, பெயர் தெரியாத எத்தனையோ பேர் அந்த மூன்றாவது அடியைப் பாடிவிட்டுப் போய்விட்டார்கள்.

இங்கேயும் அப்படித்தான். காஞ்சியைச் சுற்றிய ஊர்களில் பாரதக் கூத்தில் துரியோதனன் வீழும் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி ஒப்பாரி எழும். அப்போது கூடியிருக்கும் பெண்கள் கண்ணைத் துடைப்பது துரியோதனனுக்காக மட்டுமா?

பாடினால் துக்கம் குறையும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சாக வந்தால் வாயிலேயே அடைத்துவிடக்கூடிய நியாயம், மெட்டில் ஏறிவிட்டால் ஊரே உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருக்கிறது. பாட்டி அழவில்லை, வழக்காடினாள்.

முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாத்தாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கும்போதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.