எண்ணிக்கையும் மதிப்பும்



மனிதனுடைய உயிரணுவில் சாதாரணமாய் 46 குரோமோசோம்கள் உண்டு. அவற்றுள் 21-ஆவது, இரண்டுக்குப் பதிலாய் மூன்றாயிருப்பதே டவுன் நோய்க்குறிக்குக் காரணமென்று 1959-இல் பாரிஸ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

அயர்லாந்தில் பௌல்னப்ரோன் என்னுமிடத்துக் கற்கல்லறையில் 5,000 ஆண்டுகளுக்கு மேலாய்க் கிடந்த சிசுவொன்றின் எலும்பை ஆராய்ந்தவர்கள், அதிலிருந்த மரபணுத் துணுக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். 21-ஆம் குரோமோசோமின் பங்கு மிகுந்திருந்தது. 2020-இல் இதை அறிவித்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதமே வாழ்ந்த ஆண் குழந்தை அது. தாய்ப்பால் உண்டதென்பதற்கும் அதன் எச்சமே சாட்சி. அது இறந்தபின் மற்றவர்களை அடக்கம் செய்த அதே கல்லறையில் அதற்கும் இடம் கிடைத்தது.

இன்று இதே கணக்கைத் தாயின் இரத்தத்தைக் கொண்டு, பிள்ளை பிறக்குமுன்பே போட்டுவிடலாம். அறிவது தவறன்று, பெற்றோர் ஆயத்தமாயிருக்க அது உதவும். ஆனால் குரோமோசோம் எத்தனை என்பதற்கு மட்டுமே கருவி விடை தரும். இந்தப் பிள்ளை நமக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு நாமல்லவோ பதில் சொல்லவேண்டும்?

எண்ணத் தெரியாத அந்தத் தாய் பால் கொடுத்தாள். எண்ணத் தெரிந்த நாம் என்ன கொடுக்கப் போகிறோம்?