மார்க்கண்டேயரிடம் மறைக்கவில்லை



மார்க்கண்டேயர் கதையில் யமன் பாசக்கயிறு வீசும் கட்டத்தையே நாம் விரும்பிக் கேட்போம். அதற்கு முன்னும் ஒரு கட்டம் உண்டு. 16 வயது நெருங்குகிறது. தாயும் தந்தையும் கலங்குகிறார்கள். காரணம் என்னவென்று பிள்ளை கேட்க, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகே அவர் சிவனை நாடிப் போகிறார்.

எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்வதில்லை. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று டொக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று மகன் மொழிபெயர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். பின்பு அப்பா நினைவிழந்து கிடக்க, "இனி வைத்தியத்தால் பயனில்லை" என்ற சொல் வருகிறது. பிள்ளைகளுக்குள் சண்டையும் வருகிறது.

அறவிடமுடியாக் கடனைப் பதிவழிப்பது போலத்தான் வைத்தியசாலையும் செய்கிறது என்று, கணக்கு எழுதிப் பழகிய நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. 2012 இல் அயின்ட்ரீ வைத்தியசாலை வழக்கு இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது. மாதக்கணக்காகச் சுவாச இயந்திரத்தில் இருந்த ஓர் இசைக்கலைஞர். நிலைமை மோசமானால் இதயத்தை மீள இயக்குவது, சிறுநீரக இயந்திரம் பூட்டுவது போன்றவற்றைச் செய்யாதிருக்க வைத்தியசாலை அனுமதி கேட்டது. குடும்பம் மறுத்தது. மனைவி மக்களைக் கண்டால் அவர் மகிழ்கிறார் என்பதைக் கவனித்த முதல் நீதிபதி அனுமதி கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவர் மேலும் தளர்ந்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. அவ்வாண்டின் கடைசி நாளில் அவர் இறந்தார்.

2013 இல் உச்ச நீதிமன்றம், அந்த நேரத்து நிலைமைக்கு அந்த அனுமதி சரியென்றே சொன்னது. ஆனால் லேடி ஹேல் எழுதிய தீர்ப்பில் முக்கியமான விளக்கம் ஒன்று இருக்கிறது. நோய் மாறாவிட்டாலும், நோயாளிக்கு ஏதாவது நன்மை கிடைக்குமென்றால் அந்த வைத்தியம் பயனற்றதல்ல. எது வாழத்தக்க வாழ்வு என்பதை அவருடைய கண்ணால் பார்க்கவேண்டும். அவர் என்ன நினைப்பார் என்று வீட்டாரைக் கேட்கவேண்டும்.

இங்கேதான் நாம் இடறுகிறோம். கேட்பது பிள்ளைகளின் ஆசையை அல்ல, அப்பாவின் மனதை. அது எங்களுக்குத் தெரியுமா? 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் தெளிவாக இருக்கும்போதே எழுத்தில் அதிகாரம் தந்திருந்தாலன்றி, மூத்த மகனென்றாலும் முடிவெடுக்கும் உரிமை இல்லை. இன்ன வைத்தியம் செய்தே தீரவேண்டும் என்று டொக்டரைக் கட்டாயப்படுத்தவும் ஒருவராலும் முடியாது.

சென்ற தைப்பூசத்தன்று எமது தாயாரிடம் கேட்டோம். கேட்க நா எழவில்லை. இரண்டு தரம் வேறு கதை கதைத்தோம். அவர் யோசிக்கவே இல்லை. "பேரப்பிள்ளையளைக் கண்டு ஆரெண்டு தெரியுமட்டும் என்ன குழாயெண்டாலும் போடுங்கோ. தெரியாமப் போனா விட்டிடுங்கோ, திருநீறு பூசினாக் காணும்" என்றார். பிறகு, தேத்தண்ணி ஆறிப்போச்சுதென்று எம்மை ஏசினார்.