நினைவில் நின்ற மலை

ஒரு நிலக்காட்சி உண்மையாக இருப்பதற்கு, கண்ணால் கண்டபடியே அது இருக்க வேண்டுமா? இருபதாம் நூற்றாண்டின் வியட்நாமிய அரக்கு ஓவியங்கள் வேண்டியதில்லை என்கின்றன. 1925இல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் ஹனோயில் தொடங்கிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரியில் மாணவர்கள் எண்ணெய் வண்ணம் பயின்றார்கள். 1930களில், ஆசிரியர் ஜோசப் ஆங்கிம்பெர்த்தி ஊக்கம் கொடுக்க, புத்த ஆலயங்களின் சிலைகளுக்கும் பலகைகளுக்கும் காலங்காலமாகப் பூசப்பட்ட அரக்கை அவர்கள் ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இது பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கு அல்ல. ஃபூ தோ பகுதியில் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். மேலே பட்டால் தோல் கொப்புளித்துவிடும்.

இதை எடுத்துக்கொண்டு வயல்வரப்பில் உட்கார்ந்து வரைய முடியாது. அரக்கு இறுக வெயில் உதவாது, ஈரக்காற்று வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. நல்ல வெள்ளை நிறம் இதில் அமைவதில்லை என்பதால் முட்டை ஓட்டைப் பதித்து, அழுத்தி நொறுக்கி, விரிசல்களில் அரக்கை நிரப்புகிறார்கள். வெள்ளித்தாளின் மேல் பழுப்பு அரக்கு ஏறினால் அது பொன்னாகத் தெரியும். எல்லாவற்றையும் மூடிப் பூசிவிட்டு, நீர்விட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இருப்பதை மேலே கொண்டுவர வேண்டும். சற்று அதிகமாகத் தேய்த்தால் போனது போனதுதான். மலைமேல் அன்று விழுந்த வெயில் மறைந்து வெகுநாள் ஆன பிறகே படத்தில் அந்த வெயில் வருகிறது. ஆகவே அரக்கு நிலக்காட்சியில் கண்ணைவிட நினைவுக்கே வேலை அதிகம். ஃபான் கே ஆன் 1955இல் வரைந்த ‘வடமேற்கின் ஒரு மாலை நினைவு’ இதற்குச் சரியான சான்று. மலைத்தொடரில் பொன்வெயில் சாய்கிறது. சரிவில் வீரர்கள் சிறு உருவங்களாக நடக்கிறார்கள். பிரெஞ்சு எதிர்ப்புப் போர் முடிந்த மறு ஆண்டில் வரைந்த படம் அது.

வண்ணக்குறையைத் தத்துவமாக்குவதாகச் சிலர் சொல்லலாம். குறை உண்மையே: பல நிறமிகள் அரக்கில் கறுத்துவிடும், சிவப்பு, கறுப்பு, பழுப்பு, பொன், வெள்ளி, முட்டை ஓடு ஆகியவையே நெடுங்காலம் கைகொடுத்தன. ஆனால் வானத்தின் நீலத்தை நகலெடுக்க வழியில்லாதபோது, அந்த மாலையில் எது முக்கியம் என்று ஓவியர் முடிவெடுத்தே ஆக வேண்டும். கண்டதை எல்லாம் ஒரே எடையில் தருவது கண். எது தங்க வேண்டும் என்று தீர்ப்பது மனம். இதைக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. புத்தர் மேனிக்குரிய பொன்னை மலைக்கும் படைக்கும் பூசினால் போரின் துன்பமே மறைந்துபோகாதா? இந்த ஆபத்தை நான் மறுக்கமாட்டேன். அன்றைய வடக்கு வியட்நாமில் கலை அரசின் குறிக்கோள்களுக்கும் கட்டுப்பட்டிருந்தது. ஆயினும் இந்தப் படத்தில் மலைத்தொடர் பேருருவாக நிற்கிறது, வீரர்களோ சிறியவர்கள். பொன்னின் பெரும்பங்கும் மலைக்கே. வெற்றியைப் பறைசாற்றும் படம் இப்படி அமைந்திருக்காது. தப்பிப் பிழைத்தவர் அந்த இடத்துக்குச் செலுத்தும் வணக்கமாகவே நான் இதைப் பார்க்கிறேன். வணக்கத்துக்குரிய உலோகம் அங்கே பொருந்துகிறது. மேலும், அரக்கு ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிவடையும் இயல்புடையது. அடியில் புதைந்த நிறங்கள் மெல்ல வெளிச்சம் பெறும். 1955இல் அந்தப் படத்தின் முன் நின்றவர்கள் கண்ட மாலை, இன்று நிற்பவர்கள் காணும் மாலையைவிடச் சற்று இருண்டிருக்கும்.