‘ஜென்டில்மன்’ என்னும் சொல்லும் ஊவாத் தோட்டங்களும்

பண்பில் உயர்ந்தவரை ஆங்கிலத்தில் ‘ஜென்டில்மன்’ என்பர். குலத்தைக் குறிக்கும் ‘ஜென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். நற்குடியிற் பிறந்தவன் என்பது முதற்பொருள். நற்குணமுடையவன் என்பது பின்னர் வந்து சேர்ந்தது. பிறப்பன்று, ஒழுக்கமே அப்பெயருக்கு உரிமை தருமெனப் பதினான்காம் நூற்றாண்டிலேயே சோசர் தம் கதைமாந்தர் ஒருத்தியின் வாயிலாக வாதிட்டார். தமிழிற் ‘சான்றோர்’ என்பதோ நிறைதலைக் குறிக்கும் ‘சால்’ என்பதன் அடியாகப் பிறந்தது. அதிற் குலத்தின் வாடையில்லை. (சொல்லில் இல்லாதது சமூகத்திலும் இல்லையெனக் கொள்ளுதல் தவறு.)

பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உயர்வைக் குறிக்க வழங்கியது மூன்றாவதொரு சொல்: ‘துரை’. குணம் எதுவாயினும் பங்களாவில் இருந்தவர் பெரியதுரை; எத்துணைச் சால்புடையவராயினும் லயத்தில் இருந்தவர் ‘கூலி’. 1940இல் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தெரிந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். துரையும் அக்குழுவைக் கலந்து நடக்க இணங்க நேர்ந்தது. எனினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிடம் உழைப்பையோ ஒழுக்கத்தையோ கேட்கவில்லை. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. சோசர் மறுத்த பழம்பொருள் சட்டத்தினுள் மீண்டும் புகுந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அச்சான்றினைக் காட்ட இயலாதோர் பலர் நாடற்றவராகவே கொழுந்து பறித்தனர்.