காலம் ஆக்குவதும் காட்டுவதும்

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கலிலேயா நாட்டுக் கானா ஊரின் கலியாண விருந்தில் திராட்சரசம் தீர்ந்துபோக, ஆறு கற்சாடிகளில் நிரப்பப்பட்ட நீரை இயேசு பெருமான் ரசமாக்கிய வரலாற்றைப் படிப்பவர்கள், அற்புதத்தைச் செய்தவரையும் அதற்குத் தூண்டுகோலாய் நின்ற அன்னையையும் நோக்குகிறார்களேயன்றி, அந்த ரசத்தை முதன்முதலில் வாயில் வைத்த பந்திவிசாரிப்புக்காரனைப் பொருட்படுத்துவதில்லை. அவனுக்கோ அந்தக் கதையில் தனியான ஸ்தானம் உண்டு. நீர் மொண்டு வந்த ஊழியக்காரர்களுக்கு நடந்தது தெரியும், அவனுக்குத் தெரியாது. நாவையும் மூக்கையும் தவிர வேறு பிரமாணம் ஏதுமின்றி அவன் ருசி பார்க்கிறான்; முன்பந்தியில் பரிமாறியதைவிட இது உயர்ந்தது என்று தீர்மானிக்கிறான்; உயர்ந்ததைப் பிற்பந்திக்கு ஒதுக்கிவைத்த விபரீதத்தை மணமகனிடம் வியந்து பேசுகிறான்.

இந்தத் தீர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்காலத்து யூதர்களிடையே நல்ல ரசம் என்றால் பெரும்பாலும் பழைய ரசம். லூக்கா சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் பழையதைப் பருகியவன் புதியதை நாடமாட்டான் என்பதை உலகறிந்த உண்மையாக எடுத்துக்கொள்கிறது. சீராக்கின் ஆகமம் புதிய நண்பனைப் புதிய மதுவோடு ஒப்பிட்டு, நாட்பட்ட பின்பே அது இனிக்குமென்று போதிக்கிறது. கானா ஊர் ரசத்தின் வயதோ சில நிமிஷங்கள். ஆண்டுதோறும் மேகத்து நீரைத் திராட்சைக் கொடி ரசமாக மாற்றுகிறது, அதுவும் ஆண்டவன் செயலே, கானாவில் அந்த நெடுங்காரியம் ஒரு கணத்தில் நடந்தது என்று அகஸ்தீன் முனிவர் விளக்கினார். அழகிய விளக்கம், ஆனால் அது கொடியோடும் கனியோடும் நின்றுவிடுகிறது. கனி பிழியப்பட்டுச் சாடியில் அடைபட்ட பிறகு, இருட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து அது பெறும் பக்குவம் இருக்கிறதே, முதுமையின் அந்தக் குணம் காலமின்றி வாய்க்குமா?

இந்தக் கேள்வி நம் தேசத்துத் தத்துவ சாஸ்திரிகளுக்குப் புதிதன்று. காரியம் காரணத்தினுள் முன்னமே சூட்சுமமாய் இருக்கிறது, எள்ளில் இருப்பதனாலேயே எண்ணெய் வருகிறது, மணலைச் செக்கிலிட்டு ஆட்டினால் வருவதில்லை என்று சாங்கியர் வாதித்தார்கள். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கு ஐந்து ஏதுக்களைக் காட்டுகிறது. சைவ சித்தாந்திகளும் இந்தச் சற்காரிய வாதத்தையே தமதாக்கிக்கொண்டார்கள். முன்பே இருந்ததாயின் உண்டாக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை, காரியம் ஒவ்வொன்றும் புதிதாய்த் தோன்றுவதே என்று நையாயிகர் மறுத்தார்கள். மண்ணும் குடமும், நூலும் ஆடையும் இந்த வழக்கில் சாட்சி சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டபடியால், புதிய சாட்சியாகப் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்து ஒயினை அழைத்துப் பார்க்கலாமென்று தோன்றுகிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தவரின் மொழியில் இது தகுமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒயினைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை விழுங்குவதில்லை, வாயிலிட்டுச் சுழற்றி, அருகிலுள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிட்டுக் குறிப்பெழுதுகிறார்கள்.

போர்தோவில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை நடக்கிறது. அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் ஓக் மரப் பீப்பாய்களில் கிடக்கையிலேயே, புட்டியில் அடைபடுவதற்கு ஓராண்டு அல்லது அதற்கு மேலும் இருக்கும்போதே, வியாபாரிகளும் விமரிசகர்களும் வந்து மாதிரி பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லை நம்பி விலையும் படிகிறது. ‘ஆன் ப்ரிமர்’ என்பது அந்த விற்பனையின் பெயர். அந்தப் பருவத்தில் உயர்ந்த சிவப்பு ஒயின் வாய்க்கு இதமானதன்று. நாவற்பழக் கருமை, ஈற்றையும் நாவையும் இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு, மரவாசனை. இதை வாயிலிட்ட ஒருவர், பதினைந்து ஆண்டுக்கு முன் தொடவேண்டாம், நாற்பது ஆண்டு தாங்கும் என்று எழுதிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார். துவர்ப்பின் அளவு, புளிப்பின் உறுதி, பழச்சாரத்தின் செறிவு, உமிழ்ந்த பின்பும் சுவை நாவில் நிற்கும் நேரம், இவை ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கும் சமநிலை ஆகியவையே அவருக்கு ஆதாரம். கார்மேகத்தைக் கண்டு மழையை ஊகிப்பதுபோல், காரணத்தைக் கண்டு வரப்போகும் காரியத்தை ஊகிக்கும் இதனைத் தர்க்க நூலார் பூர்வவத் அனுமானம் என்பார்கள். மேகம் பொய்ப்பதும் உண்டென்பதை அவர்களும் அறிவார்கள்.

புட்டிக்குள் நடப்பது என்ன? பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறப்பொருளோடு கூடிக்கூடிப் பருத்து, கடைசியில் வண்டலாய்ப் படிகிறது, துவர்ப்பு தணிகிறது, கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகிறது, புதுப்பழத்தின் மணம் போய், உலர்ந்த இலை, தோல், புகையிலை, மழைக்குப் பிந்திய காட்டு மண் ஆகியவற்றின் மணம் எழுகிறது. இதில் காற்றின் பங்கைச் சோதித்துக் காட்டியவர் லூயி பாஸ்தர். மூன்றாம் நெப்போலியன் மன்னரின் வேண்டுகோளால் ஒயினின் நோய்களை ஆராயப் புகுந்த அவர், 1866இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய பரீட்சையைச் சொல்கிறார். சில கண்ணாடிக் குழாய்களை ஒயினால் விளிம்புவரை நிரப்பியும், சிலவற்றைப் பாதியளவே நிரப்பி மீதியைக் காற்றுக்கு விட்டும் மூடி முத்திரையிட்டார். காற்றிருந்த குழாய்களில் நிறம் மாறியது, வண்டல் இறங்கியது; நிரம்பிய குழாய்களில் ஒயின் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆகவே மூப்பின் வித்து ஒயினுக்குள்ளேயே இருந்தாலும், துணைக்காரணமின்றி அது முளைப்பதில்லை. அந்தத் துணையே மிஞ்சினால் கொலையாளி என்பது இதிலுள்ள வேடிக்கை: அதே காற்று மிகுந்தால் ஒயின் காடியாகிறது. தக்கை மூடி அளந்தளந்து விடும் அற்பக் காற்றே மூப்புக்கும் அழிவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்.

அனுமானம் பொய்த்த கதைகளில் புகழ்பெற்றது 1976இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே 24ஆம் தேதி பாரிஸ் நகரில், ஆங்கிலேய வியாபாரியான ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு நிபுணர்களைக் கூட்டி, இன்னதென்று அறிவிக்காமல் கலிபோர்னியா ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் கலந்து பரிமாறச் செய்தார். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் அமெரிக்காவுக்கே போய்விட்டது. தோற்ற தரப்பின் சமாதானம் தத்துவார்த்தமாகவே இருந்தது: இளமையில் கவர்வது கலிபோர்னியாவின் சுபாவம், அதனுள் முதுமை இல்லை, எங்களுடையது ஆண்டுகள் கழிந்தபின் தன் உண்மையைக் காட்டும் என்றார்கள். சரியாக முப்பதாண்டு கழித்து, 2006இல் அதே சிவப்பு ஒயின்கள் லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் சோதிக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்குக் கிடைத்தன. 1976இல் ஐந்தாவதாக நின்ற ரிட்ஜ் தோட்டத்தின் 1971ஆம் ஆண்டு ‘மான்டே பெல்லோ’ முதலாவதாயிற்று. இதற்கு மறுபுறமும் உண்டு. போர்தோவின் 1975ஆம் ஆண்டு ஒயின்கள் கடுந்துவர்ப்போடு பிறந்தவை. அந்தக் கடுமையையே நீண்ட ஆயுளின் அடையாளமாகக் கொண்டு பலர் காத்திருந்தார்கள். அவற்றுள் பலவற்றில் துவர்ப்பு தணிவதற்கு முன்பே பழச்சாரம் வற்றிப்போயிற்று. இளமையின் கடுமை பிற்காலச் சிறப்பின் முதலீடு என்ற நம்பிக்கை ஒயின் வியாபாரிகளிடம் மட்டுமன்றி, குழந்தை வளர்ப்போரிடமும் ஆசிரமங்களை நடத்துவோரிடமும் காணப்படுவது. அது எங்கும் பாதி மெய்தான்.

நடுவர்களின் நாவையே சந்தேகிப்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. 2001இல் வெளியான போர்தோ ஆராய்ச்சி ஒன்றில், வெள்ளை ஒயினுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தபோது, ஒயின் கலை பயின்ற மாணவர்களே அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். ருசியின் நியமத்தைப் பற்றி 1757இல் எழுதிய டேவிட் ஹ்யூம் இதற்கு நேர்மாறான கதையொன்றை டான் குவிக்ஸோட் நவீனத்திலிருந்து எடுத்தாளுகிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரில் ஒருவர் பீப்பாய் ஒயினில் தோல் வாடையையும் மற்றவர் இரும்பின் வாடையையும் கண்டு சொல்ல, ஊர் சிரித்தது; பீப்பாயைக் காலிசெய்தபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழஞ்சாவி கிடந்தது. நல்ல தீர்ப்புக்குக் காலமே இறுதிச் சாட்சி என்றும், ஹோமரின் காவியம் ஈராயிரம் ஆண்டு கழிந்தும் போற்றப்படுவதே அதன் மேன்மைக்கு நிரூபணம் என்றும் ஹ்யூம் கருதினார். காவியத்துக்கு இது பொருந்தும். ஒயினுக்குப் பொருந்துவது கடினம். ஹோமரின் வரிகள் நடுவர்களுக்காக மாறாமல் காத்திருக்கும். ஒயின் காத்திருக்கையில் மாறுகிறது, திறந்தால் தீர்கிறது. முப்பதாண்டுக்கு முன் தீர்ப்பெழுதியவர் உயிரோடிருந்து அதே தோட்டத்து ஒயினை மீண்டும் சுவைத்தாலும், அது அவர் அன்று சுவைத்த ஒயினன்று. அவருடைய நாவும் அன்றைய நாவன்று. எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்ற பௌத்தரின் வாதத்துக்கு ஒயின் நிலவறையைவிடத் தகுந்த பாடசாலை இல்லை.

அப்படியானால் வசந்தத்தில் மாதிரி பார்ப்பவர் எதைத்தான் அறிகிறார்? பிற்கால மணம் அந்தக் கிண்ணத்தில் இல்லை. எவ்வளவு கூரிய மூக்கும் அதில் உலர்ந்த இலையை முகரமுடியாது. இந்த மட்டில் நையாயிகர் பக்கமே வெற்றி. ஆயினும் எந்தச் சாற்றை வேண்டுமானாலும் நிலவறையில் இட்டு வைத்தால் மகத்தான ஒயினாகிவிடாது. பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்துத் தீர்க்கவேண்டியவை. மணலில் எண்ணெய் வராது என்பதும் உண்மை. அவர் அறிவது பிற்காலச் சிறப்பின் இருப்பையன்று, அதற்கான யோக்கியதையை என்று எனக்குத் தோன்றுகிறது. செலவழிக்கத் தக்க ஆஸ்தி இருக்கிறதா என்று பார்க்கிறார். ஏனெனில் முதுமை என்பது நஷ்டங்களால் ஆனது: நிறம் போகிறது, பழம் போகிறது, வலிமை வண்டலாய் இறங்குகிறது, போனவை போக எஞ்சியவை தமக்குள் இணங்கி அமைவதையே பக்குவம் என்கிறோம். செலவுக்குரிய ஆஸ்தியும் ஒருநாள் தீர்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 121இல் ஒபிமியுஸ் ரோமாபுரியின் கான்சலாக இருந்த ஆண்டின் மது தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்துப் பிளினி எழுதுகையில் அது கசக்கும் தேன்போல் இறுகி, தனியே பருக இயலாததாய், வேறு மதுவில் துளி கலப்பதற்கே உதவிற்று. (யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் பாடியிருக்கிறார், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. கடல் கடந்து வந்தது பக்குவப்பட்டு வந்ததா, கெட்டு வந்ததா என்று நக்கீரர் குறை சொல்லவில்லை.)

காலத்தைக் குறுக்க மனிதனும் முயன்றதுண்டு. மதேரா தீவின் ஒயின், கப்பலின் வெப்பத்தில் இந்தியாவரை போய்த் திரும்பியபோது மேம்பட்டிருப்பதைக் கண்ட வணிகர்கள், பிற்பாடு கப்பலை விட்டுவிட்டுத் தொட்டிகளிலேயே மாதக்கணக்கில் அதைச் சூடுபடுத்தினார்கள். அத்தீவின் தலைசிறந்த ஒயின்களோ இன்றும் கூரையடியின் இயல்பான வெம்மையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தே முதிர்கின்றன. விரைவுபடுத்துவதால் செலவு விரைவாகிறதேயொழிய இல்லாமற் போவதில்லை. கானாவில் நடந்ததன் தனித்தன்மை இங்கேதான் விளங்குகிறது: அங்கே வழங்கப்பட்டது நஷ்டம் ஏதுமின்றி வந்த முதுமை. வேகத்தைவிட அதுவே பெரிய அற்புதம் என்பேன்; வேகம் இயற்கையின் அளவை மீறுவது மட்டுமே, நஷ்டமின்மை இயற்கையில் அறவே இல்லாதது.

இயற்கைக்கு உட்பட்ட நம் போன்றோருக்கு எரேமியா தீர்க்கதரிசியின் உவமை பொருத்தமானது. அவருடைய ஆகமத்தின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் மோவாப் நாட்டை, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு ஊற்றப்படாமல் தன் வண்டலின்மீதே சுகமாய்த் தங்கிவிட்ட ரசமாகக் காண்கிறது. அதன் ருசியும் வாசனையும் மாறவில்லை என்பதே அங்கே குற்றச்சாட்டு. சிறையும் பெயர்ச்சியும் காணாத ஜனம் முதிரவில்லை என்பது கருத்து. ஏசாயாவோ தம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், வண்டலின்மேல் தங்கித் தெளிந்த பழரசத்தையே ஆண்டவன் அளிக்கும் விருந்தில் பரிமாறுகிறார். இருவரும் ஒயின் செய்யும் நாட்டவர். இருவரும் சரியாகவே சொன்னார்கள். எதை எப்போது வண்டலினின்று பிரிப்பது, எதை அசையாமல் விடுவது என்பதற்குப் பொதுவிதி கிடையாது.

பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப்பிரதேசத்தில் ‘வான் ஜோன்’ என்ற மஞ்சள் ஒயின் செய்கிறார்கள். சவாஞ்ஞன் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் இட்டு, ஆவியாய்க் குறைவதை ஈடுசெய்யாமல், ஆறாண்டுக்கு மேல் விட்டுவைக்கிறார்கள். மேற்பரப்பில் நொதிக்காளான் மெல்லிய திரையாய்ப் படர்ந்து காற்றைத் தடுத்துக் காக்கிறது. அதற்கென்றே வழங்கும் ‘கிளாவலான்’ புட்டியின் கொள்ளளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டரில் எஞ்சியது அவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, ஒரே அறை. ஆயினும் ஒரு பீப்பாய் சிறந்து வர, பக்கத்துப் பீப்பாய் காடியை நோக்கிச் சாய்வதுண்டு. ஆகவே அங்குள்ளவர்கள் முதல் ஆண்டிலேயே தீர்ப்பெழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் அவ்வப்போது சிறிது எடுத்துச் சுவைத்துப் பார்த்து, தவறிப்போவதை அப்புறப்படுத்திவிட்டு, மற்றதை மறுபடியும் மூடுகிறார்கள்.