தினம் ஒரு கல்யாணம்!

கல்யாண கான்ட்ராக்ட் எடுத்து நடத்தும் சகோதரிகளே, 2020-ஐ மறக்க முடியுமா? ஊரடங்கில் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன; பிறகும் 50 பேருக்குத்தான் அனுமதி. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தே நொந்து போய், 'இனி இந்தத் தொழிலே வேண்டாம்' என்று இன்னும் ஒதுங்கி இருக்கிறீர்களா?

சென்னை - மாமல்லபுரம் சாலையில், கோவளத்தை அடுத்த திருவிடந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். காலவ மகரிஷிக்கு 360 பெண்கள். அத்தனை பேரையும் எப்படிக் கரையேற்றுவது என்று கலங்கி நின்றார் அந்தத் தகப்பன். பெருமாள், நாளுக்கு ஒருத்தியாக மணந்தார் என்கிறது தல புராணம். அதனால்தான் அவர் நித்யகல்யாணப் பெருமாள்!

மலை போன்ற கவலையும் நாளுக்கு ஒன்றாகத்தான் கரைந்தது. நீங்களும் பழைய நஷ்டத்தை மொத்தமாக எண்ணி மலைக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு நிச்சயதார்த்தமா? அந்த ஒன்றை மனதார நடத்திக் கொடுங்கள். அடுத்ததைப் பெருமாள் பார்த்துக்கொள்வார்!