பதிவும் பலனும்

ஒரு நிகழ்வு நேரும்போதெல்லாம் செய்தி அனுப்பும்படி கணினியில் முன்கூட்டியே பதிந்துவைக்கும் நிகழ்வுச் சந்தாவை, எழுத்தால் ஆணையிடும் கட்டளைவரிக் கருவியில் ஒருமுறை உருவாக்கிவிட்டால், பதிந்தவர் விலகிய பின்னும் அது இயங்கிக்கொண்டிருக்கும். திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி முதலிய கோயில்களில், ஆண்டுதோறும் குறித்த நாளில் பூசை நடக்க முதலீடு செய்து வைக்கப்படும் கட்டளையும் இத்தகையதே. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டமும் இவ்வகைக் கொடையைத் தனியே வரையறுக்கிறது.

கட்டளை வைத்தவர் மறைந்த பின் நிகழும் பூசையின் பலன் அவரை எவ்வாறு சேரும்? செயலிற் பிறந்து பலன் விளையும்வரை நிற்கும் ‘அபூர்வம்’ என்னும் காணா ஆற்றலே சேர்க்கும் என்பர் மீமாஞ்சகர். வினை அறிவற்ற சடமாதலால், உரியவரை அறிந்து பலனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பர் மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள். பெறும் முகவரி மாறிவிட்டதைச் சந்தா தானே உணர்ந்து திருத்திக்கொள்வதில்லை என்பதை நோக்கினால், உவமை நிரூபணம் ஆகாதெனினும், சித்தாந்தியின் வாதமே வலுவுடையது.